நான்கு கதிரும் ஒரு மூக்கும்

படித்தவனைக் கல்யாண வீட்டில் வாழைமரம் கட்டச் சொல்லலாம். தொழிலைக் காட்டச் சொல்லக் கூடாது.

என் தங்கையின் நிச்சயதார்த்தம், நியாலாஸ் தோட்டத்து மண்டபத்தில். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். ஓலை அசையும், ஒளி அசையும், கைப்பேசியில் சிக்னல் கோடு மட்டும் அசையாது. (பேச வேண்டுமென்றால் ரோட்டுக்கு ஓட வேண்டும்.) மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நடுக்கடல் எண்ணெய் மேடையில் வேலை, லீவு இல்லை. வீடியோவில் அவர் சம்மதம் சொன்னால்தான் தட்டு மாற்றுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான்தான் அலைவாங்கி, அதாவது ஆன்டெனா, பொறியாளன் ஆயிற்றே! ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கிய சோதனைப் பலகையை, ரோட்டிலிருந்து இழுத்துவந்த கேபிளோடு இணைத்து உத்தரத்தில் மாட்டினேன். அதில் பொடிப்பொடியாய் அறுபத்து நான்கு அலைவாங்கிகள். இயக்குவதற்கு வானொலிச் சுற்றுகள் நான்கே. சிக்கனம்! அலையைக் குவித்துக் கதிராக்கி, ஒரே நேரத்தில் நான்கு பேருக்குத் தனித்தனியே அனுப்பும். ஆளைத் தேடித் திரும்பும் மென்பொருள் மட்டும் முடிந்திருக்கவில்லை. அதனால் முந்தின நாளே, பாய் விரித்திருந்த மூலையைப் பார்த்து நான்கையும் பூட்டிவிட்டேன்.

மறுநாள் தாய்மாமா வந்தார். "நல்ல காரியத்துக்கு யாருடா தெக்க பாத்து உக்கார வைப்பா? கெழக்க பாத்துப் போடு." நான் வாசலில் விருந்தாளிகளுக்குக் கதிரின் மகிமையை ஓதிக்கொண்டிருக்க, பாய் எதிர்ச்சுவருக்குப் போய்விட்டது. காலியான மூலையில் அத்தை, மடியில் கைப்பேசியும் கையில் வெற்றிலையுமாக உட்கார்ந்தார்.

முகூர்த்த நேரம். பாய்மேல் இருந்த மடிக்கணினியில் சம்பந்தியின் முகம் அரைக்கண்ணோடு உறைந்தது. என் தங்கையின் முகமும். அந்த மௌனத்தில் அத்தை பக்கத்துப் பெண்ணிடம் சொன்னது மண்டபத்துக்கே கேட்டது:

"பையன் தங்கம்லா. மூக்குதான் லோரி பம்பர் மாதிரி."

அத்தையின் மடியிலிருந்து ஓர் ஆண்குரல், பனித்துளிபோல் தெளிவாக:

"அக்கா, அது அவன் மூக்கு இல்ல. என் மூக்கு."

வெற்றிலை சரிந்தது. அம்மா தூணைப் பிடித்தார். குடும்ப வீடியோ அழைப்பில் அத்தையும் இருந்திருக்கிறார். என் நான்கு கதிரும் அவர் மடியில் குளிர்காய்ந்துகொண்டிருந்தன. செம்பனைக் காட்டுக்குள் ஓடினால் எத்தனை நாள் ஒளிந்திருக்கலாம் என்று யோசித்தேன்.

மடியில் சம்பந்தியின் சிரிப்பு வெடித்தது.

"தட்ட மாத்துங்கக்கா. பேரப்புள்ளைக்கு இந்த மூக்கு வராம நீங்கதான் சாமிகிட்ட வேண்டிக்கணும்."

கல்யாணத்தன்று பலகையை மாட்ட நான் ஏணியைத் தேடுவதற்குள் மாப்பிள்ளை என் கையில் பன்னீர்ச்செம்பைத் திணித்து வாசலில் நிறுத்தினார்.

"இத புடிங்க மச்சான். எந்தப் பக்கம் திரும்பி நின்னாலும் எல்லாருக்கும் படும்."

அன்றிலிருந்து எங்கள் உறவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும், பந்தல் போடும் முன்பே அந்தச் செம்பை எனக்கென்று தேய்த்து வைத்துவிடுகிறார்கள்.