நான் சர்ஃபிங் போன அழகு

துணி வாங்க வருகிற வெளிநாட்டு பையர் ஒருவர் "முடியுமா?" என்று கேட்டால், "முடியாது" என்று சொல்லத் தெரிந்த மெர்ச்சண்டைசர் திருப்பூரில் இன்னும் பிறக்கவில்லை. (பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகத்துக்குத்தான் எங்கள் ஊரில் மெர்ச்சண்டைசர் என்று பெயர்.) முதலில் தலையை ஆட்டிவிட வேண்டும். எப்படிச் செய்வது என்பதைப் பிறகு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே யோசித்துக்கொள்ளலாம். ஊரே இப்படித் தலையாட்டித்தான் வளர்ந்தது என்பார்கள். ஊர் வளர்ந்திருக்கலாம். எனக்கு முதுகுத் தோல்தான் உரிந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அவிநாசி ரோட்டில் நடராஜ் அண்ணன் நடத்திய சின்ன பனியன் கம்பெனியில் வேலை. குழந்தைகளுக்கான காட்டன் டி-ஷர்ட் தவிர வேறெதையும் தைத்தறியாத கம்பெனி அது. ஆர்டர் குறைந்து மெஷின்கள் பாதி நேரம் சும்மா கிடந்த சமயத்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து ஹெலன் என்றொரு அம்மா மெயிலில் வந்து சேர்ந்தார். அவருக்கு வேண்டியது, சர்ஃபிங் செய்கிறவர்கள் போடும் இறுக்கமான முழுக்கைச் சட்டை. அலையில் பலகை ஓட்டுகிறவர்கள் மணிக்கணக்காக வெயிலில் கிடப்பார்களாம். மேலே சூரியன் சுடும், கீழே தண்ணீரும் வெயிலைத் திருப்பி அடிக்கும். அந்த இரட்டை வெயிலிலிருந்து தோலைக் காப்பாற்றும் துணி அது. அதன் ஆங்கிலப் பெயர் எங்கள் டெய்லர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஒரே நாளில் அதற்கு 'வெயில் பனியன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த ஆர்டரை நம்பி நடராஜ் அண்ணன் ஒரு முழுத் தையல் லைனையே ஒதுக்கி வைத்திருந்தார். வந்தால் இருபது டெய்லர்களுக்கு அடுத்த ஆறு மாதம் வேலை. வராவிட்டால் அவர்களை வேறு கம்பெனி பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான். இதை அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்த லைன் வழியாக நடக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒருநாள் வீடியோ காலில் ஹெலன் ஒரு கேள்வி கேட்டார். லேப் ரிப்போர்ட் எல்லாம் சரி, ஆனால் கடலில் போட்டுப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை, அடுத்த மாதம் சென்னை வருகிறேன், உங்கள் கம்பெனியில் சர்ஃபிங் தெரிந்த யாராவது இருக்கிறார்களா என்றார். நடராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கேமராவைப் பார்த்து, "யெஸ், ஐ டூ. எவ்ரி மந்த்" என்றேன்.

(எதுக்குடா அந்த 'எவ்ரி மந்த்'? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.)

எனக்கும் தண்ணீருக்கும் இருந்த மொத்த உறவு, பொங்கலூர் பக்கம் பி.ஏ.பி. வாய்க்காலில் தண்ணீர் விடும் மாதங்களில் நீந்தியதுதான். கடலை இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இரண்டுமே திருச்செந்தூரில், பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு. வீடியோ கால் முடிந்ததும் நடராஜ் அண்ணன், "ஏனுங்க கார்த்தி, இதெல்லாம் எப்பங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். காலேஜில் என்றேன். நான் படித்தது கோயம்புத்தூரில். நல்ல மனிதர், அதையும் நம்பினார்.

சென்னைக்குப் புறப்படுகிற நாளில் செய்த இரண்டு காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். ஹெலனுக்கென்று இரண்டு சாம்பிள் சட்டைகளைத் தைத்து பேக் செய்து வைத்திருந்தார்கள். எனக்கும் ஒன்று வேண்டுமே என்ற நினைப்பு ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்புதான் வந்தது. குவாலிட்டி பார்க்கும் செல்வின் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். தூத்துக்குடிக்காரன், என் வயதுக்காரன், குப்பையைக்கூட மடித்து வைக்கிற சுத்தக்காரன். அவன் மேஜையில் நீல நிறத்தில் என் அளவுச் சட்டை ஒன்று, மார்புப் பக்கம் மேலே தெரிய, பாலிதீன் கவரில் அம்சமாக இருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். மெர்ச்சண்டைசர் போய் க்யூ.சி.யிடம் கேட்பதா என்று ஒரு திமிர்.

இரண்டாவது, என் அம்மா கொடுத்த தேங்காய் எண்ணெய் பாட்டில். "உப்புத்தண்ணி தோலை அரிச்சுப்போடும் கண்ணு, நல்லா வழிய வழியத் தேச்சுக்கோ" என்றார். மறுநாள் கடலுக்குப் போகுமுன் தேய்த்துக்கொண்டேன், அதுவும் வழிய வழிய.

சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரையில் காலை ஏழு மணிக்கு ஹெலன் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் கொடுத்த சாம்பிளை உடனே வாங்கிப் போட்டுக்கொண்டார். மூக்கிலும் கன்னத்திலும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைக் களிம்பு பூசியிருந்தார். மூக்கின் ஓரத்தில் சின்னதாக ஒரு தழும்பு. இளவயதில் வெயிலைச் சட்டை செய்யாமல் கடலில் கிடந்ததன் பலன், அந்த இடத்தில் வந்த கெட்ட கட்டியை டாக்டர்கள் வெட்டி எடுத்தார்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் துணி விஷயத்தில் இவ்வளவு பிடிவாதம் என்றும் சொன்னார். எனக்கு உள்ளே சுருக்கென்றது. இவ்வளவு நேர்மையான ஒருவரிடம் போய் 'எவ்ரி மந்த்' என்றிருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் இருபது டெய்லர்கள் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். வெட்கத்தை விழுங்கிவிட்டேன்.

மறைப்புக்குள் போய் சட்டையை மாட்டினேன். இறுக்கமென்றால் அப்படி ஓர் இறுக்கம், தலை வெளியே வரவே ஐந்து நிமிடம் ஆனது. கண்ணாடி கிடையாது. வெளியே வந்ததும் முதுகில் ஓர் இடத்தில் மட்டும் சிலுசிலுவென்று காற்றுப் பட்டது. ஆகா, துணி வேலை செய்கிறது என்று பூரித்துப்போய், இந்தத் துணியில் கூலிங் ஃபினிஷ் உண்டு, முதுகிலேயே தெரிகிறது என்று ஹெலனிடம் அளந்துவிட்டேன். அவர் என் முதுகை ஒரு முறை பார்த்தார். புருவத்தை உயர்த்தினார்.

பலகை வாடகைக்கு விட்டுக் கற்றும் கொடுக்கிற மூர்த்தி அண்ணன் களிம்பு டப்பாவை நீட்டினார். எனக்கெதற்கு, சட்டையே பார்த்துக்கொள்ளும் என்றேன்.

"இல்ல சார், உங்க முதுகுல பாத்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

"அதெல்லாம் டிசைன்ங்ணா. நீங்க அலையைப் பாருங்க" என்றேன். மனிதர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பின் கடலில் நடந்ததை விரிவாக எழுத என் மானம் இடம் கொடுக்கவில்லை. பலகை வழுக்கக் கூடாதென்று மேலே மெழுகு தேய்த்திருப்பார்கள். அதன்மேல் என் அம்மாவின் அரை பாட்டில் எண்ணெயோடு நான் ஏறினேன். முதல் தடவை இடது பக்கம் வழுக்கினேன். இரண்டாம் தடவை வலது பக்கம். மூன்றாம் தடவை பலகை மட்டும் தனியாக அலையேறிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே ஹெலன் சர்ரென்று எழுந்து நின்று அலையோடு போய்வந்துகொண்டிருந்தார். உங்களுக்கு இன்று சரியாக அமையவில்லையோ என்று மரியாதையாகக் கேட்டார். எங்கள் பக்கத்து அலை வேறு மாதிரி இருக்கும் என்றேன். (எங்கள் பக்கம் என்றால் பல்லடம் பக்கம்.)

நிற்க முடியாதென்று தெரிந்தபின் ஒரு யுக்தி செய்தேன். பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு கைகளால் துழாவியபடி, நல்ல அலைக்காகக் காத்திருக்கிற பாவனையில் இருந்துவிட்டேன். பதினொரு மணி வரை காத்திருந்தேன். அவ்வளவு நேரமும் சூரியன் என் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. கூலிங் ஃபினிஷ் இருந்த இடம் முதலில் கதகதப்பானது, பிறகு சூடானது, பிறகு எரியத் தொடங்கியது. உப்புத்தண்ணீர் அரிக்கும் என்று அம்மா சொன்னது இதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாட்டின்போது நாற்காலியில் சாய முடியவில்லை. முகமும் கழுத்தும் தீயாய்க் காந்தின. இரண்டு மணிக்குப் பொறுக்க முடியாமல் மூர்த்தி அண்ணனின் கொட்டகையில் சட்டையைக் கழற்றினேன். பின்னால் நின்ற ஹெலன் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. போனில் என் முதுகைப் படமெடுத்துக் காட்டினார்.

இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் ஒரு வட்டம். காம்பஸ் வைத்து வரைந்தது போல அத்தனை சுத்தமான வட்டம். அனுப்பர்பாளையத்துச் செம்புக் குடத்தின் அடியைப் போலச் சிவந்து பளபளத்தது. கழற்றிய சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அதே இடத்தில், அதே அளவில், ஓட்டை.

அந்த அளவை எந்தத் திருப்பூர்க்காரனும் தூக்கத்தில்கூட அடையாளம் சொல்வான். துணியின் கனம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வட்டமான கட்டர் ஒன்றை வைத்து அழுத்தித் திருகி, ஒரு வில்லையை வெட்டித் தராசில் வைப்பார்கள். அதை ஜி.எஸ்.எம். பார்ப்பது என்போம். வெட்டிய சட்டை அதோடு செத்தது. அப்படிச் செத்த சட்டையைத்தான் நான் வெயிலில் போட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன். ஓரமாகப் போய் செல்வினுக்கு போன் செய்தேன்.

"அது ஜி.எஸ்.எம். வெட்டுன பீஸுல்லா மாப்ள. அதையா எடுத்துட்டுப் போன?" என்றான். பிறகு, "தைச்சுப் போட்டுக்கிட்டியா, இல்ல அப்படியேவா?" என்று கேட்டான். நான் போனை வைத்துவிட்டேன்.

கொட்டகைக்குத் திரும்பி நடந்த அந்த இருபது அடி தூரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதுகு எரிச்சல் ஒரு பக்கம். திங்கட்கிழமை காலையில் அந்த லைனுக்கு எந்த முகத்தோடு போவது என்பது இன்னொரு பக்கம்.

ஹெலனோ படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் இருபது வருட அனுபவத்தில் எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு சோதனை செய்து பார்த்ததில்லை என்றார். துணி மூடிய இடத்தில் ஒரு துளி சிவப்பு இல்லை, மூடாத இடம் வெந்திருக்கிறது, இதைவிட ஒரு ரிப்போர்ட் வேண்டுமா, காலையிலேயே அந்த ஓட்டையைப் பார்த்து இதற்காகத்தான் இருக்கும் என்று ஊகித்தேன், ஆனால் சொந்த முதுகை இப்படிக் கொடுத்திருக்கக் கூடாது என்று கடிந்தும் கொண்டார்.

தலையை ஆட்டிவிட்டால் போதும். ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த மூக்குத் தழும்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது. "இல்லீங்க" என்றேன். பதற்றத்தில் தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு என் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். இது சோதனை இல்லை, தவறிப்போய் எடுத்து வந்த வெட்டுச் சட்டை. கூலிங் ஃபினிஷ் இல்லை, காற்று. எவ்ரி மந்த் இல்லை, இன்றுதான் முதல் தடவை. தேங்காய் எண்ணெயைக்கூட விடவில்லை.

ஹெலன் சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்து சிரித்தார். மூர்த்தி அண்ணனும் சேர்ந்துகொண்டார், அவருக்கு ஆங்கிலம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. சர்ஃபிங் விஷயம் தனக்கு முதல் நிமிடத்திலேயே தெரியும் என்றார் ஹெலன், பலகையை நான் பின்பக்கம் முன்னால் வரும்படி தூக்கிக்கொண்டு வந்தேனாம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னார். "நீ பொய் சொல்லலாம். வட்டம் பொய் சொல்லாது." ஆர்டரை அங்கேயே, மணலில் உட்கார்ந்தபடியே உறுதி செய்தார். இனிமேல் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டார். அதற்கு "முடியும்" என்றேன்.

திருப்பூர் வரை ஏழு மணி நேரம் ரயிலில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். அம்மா சோற்றுக்கற்றாழையைக் கீறி முதுகில் அப்பிக்கொண்டே, எண்ணெய் தேய்க்காத இடம்தான் வெந்துபோனது என்று அடித்துச் சொன்னார். நடராஜ் அண்ணன் என் முதுகுப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு சாம்பிள் ரூமில் மாட்டினார். வருகிற பையருக்கெல்லாம் முதலில் என் முதுகுதான் தரிசனம். அடுத்த தை மாதம் என் கல்யாணத்தில் சட்டையில்லாமல் நலங்குக்கு உட்கார்ந்தபோது, பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "மாப்பிள்ளைக்குப் படர்தாமரைங்களா?" என்று என் அம்மாவின் காதில் கேட்டார். அம்மா முழுக் கதையையும் சபைக்கே கேட்கும்படி சொல்லி முடித்தார். முகூர்த்தம் தவறாதது முருகன் செயல்.

வட்டம் இப்போது மங்கிவிட்டது. கதை மங்கவில்லை. போன கோடையில் மொட்டைமாடிச் செடிகளுக்கு நிழல் கட்ட, அம்மாவையும் மனைவி கவிதாவையும் கூட்டிக்கொண்டு பச்சை வலை வாங்கப் போனேன். ஐம்பது சதவீதம் வெயில் மறைக்கிற வலையா, எழுபத்தைந்தா என்று கடைக்காரர் கேட்டார். எது நல்லது என்று நாங்கள் விழித்தோம். அம்மா மட்டும் யோசிக்கவே இல்லை.

"ரெண்டுலயும் ஒவ்வொரு துண்டு வெட்டிக் குடுங்க. எம்பையன் முதுகுல கட்டி உட்டுப்போட்டு, சாயங்காலம் வந்து சொல்றமுங்க" என்றார்.

கவிதா சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்கு வெளியே போய்விட்டாள். கடைக்காரர் என் முதுகை ஒரு முறை அளந்து பார்த்தார். பிறகு கத்தரியை எடுத்து, நிஜமாகவே இரண்டு துண்டு வெட்டிக் கொடுத்தார்.