கிளம்புறேன்காரர்

புற்றுநோயின் காரணத்தை உலகிலேயே முதலில் கண்டுபிடித்தவள் நான்தான், அதுவும் பிரிக்பீல்ட்ஸில், ஒரு தட்டு கறிபாப்புப் பலகாரத்துக்கு முன்னால். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். என் தங்கை மகள் ரமணி ஐந்து வருடம் ஆராய்ந்ததை, அவள் வீட்டு வரவேற்பறையில் ஒரே மாலையில் நேரில் பார்த்தேன்.

கிளம்புறேன்காரர் என்றோர் இனம் உண்டு. மூன்று மணிக்கு வந்து, மூன்றேகாலுக்கு ‘சரி லா, கிளம்புறேன்’ என்பார். நாலு மணிக்கு அதையே எழுந்து நின்று சொல்வார். நாலரைக்கு வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு சொல்வார். மற்றதைத் தேடும்போது கைநழுவிய பதவி உயர்வு ஞாபகம் வந்து, மாட்டியதையும் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருவார். விசிறியை நிறுத்திப் பாருங்களேன். “இப்பத்தான் குளிர் விட்டுச்சு.” காலித் தம்ளரை எடுங்கள். “சீனி கம்மியா போடும்மா.”

இந்த இனத்தின் திலகம் கனகலிங்கம், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். முப்பது வருடம் ரயில்களை நேரத்துக்குக் கிளப்பியவர்! அன்றும் மூன்று மணிக்கு ரமணி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் ரமணிக்கு டாக்டர் பட்ட நேர்முகத் தேர்வு. ஒத்திகை பார்க்க இருந்ததே அந்த ஒரு மாலைதான். ஐந்தரைக்குப் பொறுமை போய், ஆய்வையே அவர்மேல் ஏவினாள்.

“அங்கிள், ஒரு செல் பழுதாச்சுன்னா, ‘போதும், போயிடு’ன்னு சொல்ல உள்ளேயே மரபணு இருக்கு. அதுவும் மரியாதையா செத்துப்போகும்.”

“நல்ல பழக்கம்.”

“அந்த மரபணுவே மாறிப்போச்சுன்னா? சொல்ல ஆளில்லை. செல் போகாது, அங்கிள். அங்கேயே இருக்கும்.”

உறைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் முன்னால் சாய்ந்தார்.

“அப்புறம்?”

“ரெண்டாகும். நாலாகும்.”

“அட, இதை என் மிஸிஸ் கேக்கணும் லா!”

தொலைபேசியை எடுத்தார். ஆறு மணிக்கு மிஸிஸ் சிவமலர். ஏழுக்குக் கிள்ளானிலிருந்து மச்சானும் அவர் மனைவியும், மாற்றுத்துணிப் பையோடு. இரண்டு. நாலு. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்!

பாவம் ரமணி, குளியலறைக்குள் போய் வாளியைத் தேர்வாளராக நிறுத்திப் பேசினாள். எப்படியோ தேறிவிட்டாள்.

சிரிக்காதீர்கள். சொல்ல வேண்டிய மரபணுவே பழுதென்றால், பழுதென்று சொல்வது யார்? போன ஞாயிறு நீங்கள் போயிருந்த வீட்டில் விசிறி ஓடிற்றா?

இதைப் பின்னால் நின்று படித்த ரமணி, ஒரு திருத்தம் போடச் சொல்கிறாள்:

“அங்கிள் கூட்டம் எட்டு மணிக்கே கிளம்பிருச்சு, பெரியம்மா. நான் குளியலறைக்குப் போனது, என் ரூம்ல நீங்க இருந்ததால. தைப்பூசத்துக்கு ஒரு நாள் தங்குறேன்னு வந்தீங்க. அடுத்த வாரம் தீபாவளி.”