பத்து வருஷத்துக்குப் போதுமான சூடு

இனிப் பத்து வருஷத்துக்கு எந்த விளையாட்டு வந்தாலும் திணறக் கூடாது. இந்த வைராக்கியத்தோடுதான் ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர் டெஸ் பாஸ்கோ, ஆஸ்திரேலியாவின் பாலரட் ஊரில் இருக்கும் தன் வீட்டு வரவேற்பறையில் இடுப்புயரக் கம்ப்யூட்டர் ஒன்றை இறக்கினார். ஜூன் மாதம், அங்கே நடுக் குளிர்காலம். வெளியே புல்லெல்லாம் உறைபனி. உள்ளே ஸ்டீயரிங், பெடல், கார் பந்தயம். வேறென்ன வேண்டும்?

"கோழிக்கூட்டுக் கூரை ரெண்டு வருஷமா ஒழுகுது, டெஸ்," என்றாள் மனைவி நோலீன்.

"குளிர் போகட்டும், கண்ணு. இதைப் பாரு! ஒரு வினாடிக்கு எத்தனை கோடி கணக்குப் போடுது தெரியுமா?"

"கூரை எப்போன்னு அதையே கேட்டுச் சொல்லு."

மறுநாள் காலை கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி வந்து உட்கார்ந்தது. உள்ளே பன்னிரண்டு கோழிக்குஞ்சுகள்.

"ஒழுகுற கூட்டுல சூட்டுக்கு விளக்கு மாட்டினா ஷாக்கடிக்கும். உன் மெஷின் பின்னாடி அடுப்பு மாதிரி அனலடிக்குது. ராத்திரிக்கு வெந்நீர்ப் பை வச்சுக்கிறேன். பகல்ல நீ விளையாடு."

டெஸ் தன்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டார். கட்டிய மனைவியே விளையாடச் சொல்கிறாள்! அன்று எட்டு மணி நேரம் கார் ஓட்டினார்.

இரண்டாம் நாள் கண் எரிந்தது. சற்று ஆற அமரச் சீட்டு விளையாட்டுக்கு மாறினார். பெட்டிக்குள்ளிருந்து குஞ்சுகளின் கூக்குரல். பின்னாலேயே நோலீனின் குரல்.

"டெஸ்! சீட்டுக்கெல்லாம் சூடு வராது. டாங்கிச் சண்டையைப் போடு!"

மூன்றாம் நாள் டிவியில் ஃபுட்டி பந்தாட்டம் பார்க்க மெல்ல எழுந்தார்.

"உக்காரு. குஞ்சு விறைச்சுச் செத்தா பாவம் உனக்குத்தான்."

சாப்பாடு கம்ப்யூட்டர் மேஜைக்கே வந்தது. விரல்கள் வீங்கின. நான்காம் நாள் பெடல் மேல் செங்கல்லை வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார். கார் சுவரில் மோதியது, பந்தயம் முடிந்தது, சூடு குறைந்ததும் பன்னிரண்டு குஞ்சுகளும் சேர்ந்து கீச்சிட்டுக் காட்டிக்கொடுத்தன.

"சமையலறையில உனக்கென்ன வேலை? வண்டிச் சத்தமே கேக்கலையே!"

ஐந்தாம் நாள் காலை ஸ்டீயரிங்கைப் பார்த்ததும் அப்படியே திரும்பி மனைவியிடம் போனார்.

"நோலீன், நான் கூரையைச் சரி பண்ணிடறேன்."

"குளிர் போகட்டும்னியே?"

"குளிரா? எனக்கா? சுத்தியல் எங்கே?"

பனிமழையில் இரண்டு நாள் தகரம் அடித்தார். மூக்கு சிவந்தது, முழங்கால் விறைத்தது. ஆனால் விசிலடித்துக்கொண்டே அடித்தார். குஞ்சுகள் விளக்கோடு கூட்டுக்குக் குடிபோயின. நோலீன் கூரையைச் சுற்றிவந்து பார்த்து, "பரவாயில்லையே, உனக்கு வேலைகூடத் தெரியுது," என்றாள்.

டெஸ் உள்ளே வந்து, விளையாட்டைத் தொடாமல், வெறும் நாற்காலியில் சுகமாகக் காலை நீட்டினார்.

நோலீன் தேநீரை நீட்டியபடி ஜன்னல் வழியே பார்த்தாள்.

"பின்பக்க வேலியும் சாஞ்சிருக்கு, டெஸ். பக்கத்து வீட்டு ஐரீன்கிட்ட வாத்து குஞ்சு பொரிச்சிருக்காம். கேட்டு வாங்கிட்டு வரட்டுமா?"