கொச்சியில் மிஞ்சிய கார்

ஒரு பொருள் ரொம்ப நாளாக விற்காமல் கிடக்கிறதென்றால் அதற்குக் காரணம் ஒன்று இருக்கும். புத்தியுள்ளவன் அந்தக் காரணத்தை விசாரிப்பான். இன்னொரு வகை ஆள் இருக்கிறான். ‘அடடா, இத்தனை பேர் கண்ணிலும் படாமல் எனக்காகவே காத்திருந்திருக்கிறதே’ என்று நெகிழ்ந்துபோவான். நான் இந்த இரண்டாவது வகை. (எங்களை நம்பித்தான் உலகத்தில் பாதி வியாபாரம் நடக்கிறது.)

அப்போது எனக்கு ஐம்பதை எட்டிப்பிடிக்கிற வயது. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவுக்குத் தலைமை. சேலையூரில் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் சொந்த ஃபிளாட். மகன் வெளியூரில் ஹாஸ்டலில். மனைவி பியூலா பள்ளிக்கூட டீச்சர். முடி பின்வாங்கிக்கொண்டும் தொப்பை முன்னேறிக்கொண்டும் இருந்த அந்தக் காலத்தில், வாழ்க்கையில் நாம் ஒரு நாளாவது வேகமாகப் போனோமா என்றொரு விசனம் என்னைப் பிடித்துக்கொண்டது. உண்மையில் நான் வேகமாகப் போகாததற்குக் காரணம் வாழ்க்கை அல்ல, மேடவாக்கம் சிக்னல். அதைத் தாண்டினால் பள்ளிக்கரணை. அங்கே வண்டிகள் அசையாமல் நிற்கும்போது, சதுப்பு நிலத்தில் மீன் தேடும் நாரைகள் நிதானமாக நடந்தே என்னை முந்திக்கொண்டு போகும். அந்தச் சாலையில் ஓட்டுவதற்குத்தான் நான் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன்.

விளம்பரம் செல்போனில் வந்தது. காரைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி இந்தியாவில் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. கொச்சியில் ஒரு டீலரிடம் மட்டும் கடைசிக் கார் ஒன்று, யாரும் வாங்காமல், யாரும் ஓட்டாமல், புத்தம் புதுசாக நின்றுகொண்டிருந்தது. விலையைத் தாறுமாறாகக் குறைத்திருந்தார்கள். போன் செய்தேன். ஜோபி என்று ஒருவர் எடுத்தார்.

“சாரே, ஒரெண்ணமே உள்ளூ. மழை கொண்டிட்டில்ல, வெயில் கொண்டிட்டில்ல. ராஜகுமாரி மாதிரி உள்ளேயே வெச்சிருக்கு.”

ராஜகுமாரி என்ற சொல்லிலேயே நான் விழுந்துவிட்டேன். படத்தை பியூலாவிடம் காட்டினேன். பழுத்த பப்பாளியின் நிறம். சப்பையாக, நீளமாக, தரையில் ஏதோ மோப்பம் பிடிப்பது போல நின்றது. அவள் படத்தைப் பெரிசாக்கி, சின்னதாக்கி, செல்போனைத் திருப்பியும் பார்த்தாள்.

“ஏங்க, இதுல பின்னாடி சீட்டு எங்க?”

“பின்னாடின்னு ஒண்ணு இதுல கிடையாது.”

“அப்ப அம்மா வந்தா?”

“ஆட்டோ.”

“காய்கறி வாங்கினா?”

“மடியில வெச்சுக்கோ.”

அவள் செல்போனை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். விடைத்தாள் திருத்தும்போது ரொம்ப மோசமான தாள் வந்தால் போகும் விதத்தில் அவள் முகம் போனது. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனால் நாரையெல்லாம் ஒரு சாக்குதான். உண்மையான காரணம் என் சகலை தேவசகாயம் அண்ணன், பியூலாவின் அக்கா கணவர். ராஜகீழ்ப்பாக்கத்தில் மாடி வீடு, வாசலில் ஒரு மாடி உயரத்துக்குக் கார். குடும்பத்தோடு எங்கே போனாலும் அந்தக் காரில்தான் போவோம். அதில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட இடம் கடைசி வரிசை. முழங்கால் தாடையில் இடிக்க, ஒரு பக்கம் சூட்கேஸ், இன்னொரு பக்கம் புளியோதரைத் தூக்கு. ‘சீலன், உனக்கு அங்க வசதியா இருக்குதானே?’ என்று கண்ணாடி வழியாகக் கேட்பார். கேட்டுவிட்டு ஏசியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். இப்படி ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போய்வந்த ஒருவன் இரண்டே சீட் உள்ள கார் வாங்க ஆசைப்படுவதில் என்ன ஆச்சரியம்? அதில் கடைசி வரிசையே கிடையாதே!

கொச்சியில் ஜோபி என்னைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வரவேற்றார். ஷோரூமின் நடுவில், கண்ணாடிக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில் என் பப்பாளி நின்றது. ஸ்டார்ட் செய்தார்கள். ஆகவில்லை. ஜோபி சிரித்தார். “பேட்டரி உறங்கிப்போயி சாரே.” புது பேட்டரி மாட்டினார்கள். கார் கர்ஜித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. (மிச்சமிருந்த மயிர் அளவுக்கு.) என் கையில் பூச்செண்டு கொடுத்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று காகிதத் துகள் வெடியைத் திருகினார்கள். ஜிகினா மழை பொழிந்தது.

பாலக்காடு, சேலம் வழியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஏசி போடவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே உட்கார்ந்திருப்பது யார் என்று தமிழ்நாட்டுக்கு எப்படித் தெரியும்? டோல்கேட்டில் பணம் வாங்குகிற பெண்ணின் முகமே எனக்குத் தெரியவில்லை. அவள் ஜன்னல் வானத்தில் இருந்தது. தமிழ்நாட்டு வரியைக் கட்டிப் பதிவு செய்து முடித்தபோது, கொச்சிக்காரர்கள் குறைத்த விலையில் பெரும்பகுதியை நம்மூர்க்காரர்கள் நியாயமாக எடுத்துக்கொண்டார்கள். அதைப் பற்றி பியூலாவிடம் நான் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. டீச்சர்களுக்குக் கேட்காமலே தெரியும்.

சகலை பார்க்க வந்தார். காரைச் சுற்றிவந்து, குனிந்து, இன்னும் குனிந்து அடியில் பார்த்தார்.

“சீலன், ரோட்டுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு சப்பாத்தி கூடப் போகாது போலிருக்கே. நம்ம தாம்பரம் ரோட்டுல?”

“ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எல்லா ரோடும் ஒண்ணுதாண்ணே.”

(இந்த வாக்கியத்தை நான் சொன்னதற்கு ஐந்து சாட்சிகள் இருக்கிறார்கள். எல்லாரும் நல்ல ஞாபகசக்தி உள்ளவர்கள்.)

அவர் மகள் ஷெரினுக்கு இரண்டு வாரத்தில் கிழக்குத் தாம்பரத்தில் சர்ச்சில் கல்யாணம். காரைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. “சித்தப்பா, நான் இதுலதான் சர்ச்சுக்கு வருவேன். ரீல்ஸ் செம்மயா வரும்!” சகலையின் முகம் சுருங்கியது. அவருடைய மாடி உயரக் காருக்குப் பூ அலங்காரத்துக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்தச் சுருக்கத்தைப் பார்த்த நொடியில் நான் கார் வாங்கிய பலனை அடைந்துவிட்டேன். அத்தோடு வண்டியை விற்றிருக்க வேண்டும்.

கல்யாணம் வரை காரைத் தெருவில் எடுக்கவில்லை. உறை போட்டு மூடி வைத்தேன். முதல் தரிசனம் மணமகளோடுதான் என்று திட்டம்.

அந்தக் காலை வந்தது. ஷெரினை எங்கள் ஃபிளாட்டுக்கே கூட்டிவந்து அலங்கரித்திருந்தார்கள். வீட்டார் எல்லாரும் சகலையின் காரில் முன்னால் சர்ச்சுக்குப் போய்விட்டார்கள். நானும் ஷெரினும் மட்டும். பின்னால் பைக்கில் வீடியோக்காரர். வெள்ளைப் பட்டுப் புடவையும், தலையிலிருந்து தரை வரை தொங்கும் வலைத்துணி நெட்டும், கையில் பூச்செண்டுமாக ஒரு பெண் அந்தக் காருக்குள் போவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் உட்கார வேண்டும். அதற்குக் கிட்டத்தட்ட தெருவில் உட்காரும் அளவுக்குத் தாழ வேண்டும். பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுக்க வேண்டும். பிறகு நெட்டைச் சுருட்டிக் கொடுக்க வேண்டும். மொத்த நெட்டும் உள்ளே வந்தபோது எனக்கு கியர் தெரியவில்லை.

“சித்தப்பா, வேர்க்குது. மேக்கப் போயிடும். ஏசி போடுங்க.”

போட்டேன். முழு வேகத்தில் போட்டேன்.

முதலில் ஒரு இருமல் சத்தம். பிறகு எல்லாத் துவாரங்களிலிருந்தும் ஜிகினா. தங்கம், வெள்ளி, சிவப்பு, ஊதா. கைப்பிடி கைப்பிடியாக அள்ளி வீசியது. ஷெரின் கத்த வாயைத் திறந்தாள், வாய்க்குள்ளும் போயிற்று. என் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஒரு கையால் ஏசி பொத்தானைத் தேடிக்கொண்டே எங்கள் தெரு முனையைத் திரும்பினேன். அங்கே, முந்தின நாள் வரை இல்லாத ஒரு வேகத்தடை.

வேகத்தடை என்பது மரியாதைக்குச் சொல்வது. யாரோ புண்ணியவான் மிஞ்சிய ஜல்லியையும் தாரையும் கொட்டி ஏரிக்குக் கரை கட்டியிருந்தான். முன்சக்கரம் ஏறி இறங்கியது. காரின் வயிறு அதன்மேல் உட்கார்ந்தது. முன்னால் நகர்ந்தால் கீழே ஏதோ கிழிந்தது. பின்னால் நகர்ந்தால் வேறு ஏதோ கிழிந்தது. வீடியோக்காரர் பைக்கிலிருந்து இறங்கி உதவிக்கு வருவார் என்று பார்த்தேன். அவர் இறங்கி, நல்ல கோணம் தேடினார்.

பின்னால் ஹாரன்கள். ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, வண்டி பட்த்துகினு கீது?”

“கொஞ்சம் கை குடுங்கண்ணா, தூக்கிடலாம்.”

அவர் வந்து குனிந்து உள்ளே பார்த்தார். நானும் மணமகளும் மாரியம்மன் தேர் மாதிரி மின்னிக்கொண்டிருந்தோம்.

“சார், மொதல்ல பொண்ண எறக்கு. வெயிட்டு போனா வண்டி ஏறும்.”

“யாரு வெயிட்டு?” என்றாள் ஷெரின். மாதக்கணக்கில் ராகிக் கஞ்சியும் வெள்ளரிக்காயுமாக வாழ்ந்து அந்த ஜாக்கெட்டுக்குள் புகுந்தவள் அவள். “யாரைச் சொல்றீங்க வெயிட்டுன்னு?”

“ஐய, உன்ன சொல்லலமா. சார சொன்னேன்.”

ஜனம் சிரித்தது. நான் இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிட உருண்டேன் என்பதே சரி. பிறகு நாலு பேர் கை கொடுத்து மணமகளை வெளியே எடுத்தார்கள். கிணற்றிலிருந்து எடுப்பது போல இருந்தது. சர்ச்சில் மணியடிக்கும் நேரம். ஷெரின் என்னைப் பார்த்தாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு பெண்ணின் கல்யாணத்தை என் வீம்புக்காக நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் அழவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஷேர் ஆட்டோவைப் பார்த்து நடந்தாள்.

“அண்ணா, சர்ச்சுக்குப் போவீங்களா?”

“நம்ம ரூட்டுதாம்மா, ஏறு.”

உள்ளே காய்கறிக் கூடையோடு ஒரு அம்மா. “வா கண்ணு, கூடைய நான் மடில வெச்சிக்கிறேன். அந்த வல நல்லா இருக்குது, அழுக்காவாம நான் புடிச்சிக்கிறேன்” என்று நெட்டைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என் சகலை மகள் முருங்கைக்காய்க்கும் கல்லூரிப் பையன்களுக்கும் நடுவில் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போனாள். வீடியோக்காரர் விசுவாசமாக ஆட்டோவின் பின்னாலேயே போனார்.

இதற்குப் பிறகு நடந்ததை நான் வீடியோவில்தான் பார்த்தேன். (எங்கள் குடும்பத்தில் இதைப் பார்க்காதவர்கள் இன்னும் பிறக்காதவர்கள்தான்.) சர்ச் வாசலில் சகலை கோட்டு சூட்டில், காரின் தாழ்ந்த கதவைத் திறக்க வசதியாக முன்கூட்டியே குனிந்தபடி நிற்கிறார். ஷேர் ஆட்டோ வந்து நிற்கிறது. அவர் நிமிர்ந்து கையை வீசி விரட்டுகிறார்.

“போப்பா, போப்பா! இங்க நிறுத்தாத, பொண்ணு வண்டி வருது!”

உள்ளேயிருந்து குரல்: “அப்பா, நான்தாம்ப்பா பொண்ணு!”

ஜிகினாவை எல்லாரும் மேக்கப் என்று நினைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அத்தை எந்தப் பார்லர் என்று விசாரித்தாராம். அந்தக் காய்கறி அம்மா நெட்டைப் பிடித்தபடியே பாதி தூரம் உள்ளே நடந்துவந்தார். ஷெரின் அவரை விடவில்லை. பிரியாணி சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மோதிரம் மாற்றியாகிவிட்டது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து காரைத் தூக்கி இறக்கியதில் முன்பக்க பம்பர் கையோடு வந்துவிட்டது. அதை மணமகள் சீட்டில் சாய்த்து, பெல்ட் போட்டுக் கொண்டுவந்தேன். சகலை குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

“சீலன், பம்பருக்கு அங்க வசதியா இருக்குதானே?” என்றார்.

பியூலா என் சட்டைக் காலரிலிருந்து ஒரு ஊதா ஜிகினாவை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பந்திக்குப் போனாள்.

மறுநாள் ஜோபிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அது டிஸ்ப்ளே வண்டிதானே சாரே. வேற கார் டெலிவரி எடுக்கறவங்க எல்லாம் அது பக்கத்தில நின்னுதான் போட்டோ எடுக்கும். ஒவ்வொரு வாட்டியும் நம்ம பசங்க ஜிகினா வெடி பொட்டிக்கும். அதெல்லாம் உள்ள போயிருக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “கல்யாணம் நல்லா நடந்தோ சாரே?” என்றார்.

அதாவது மற்றவர்கள் நல்ல கார் வாங்கிக்கொண்டு போன ஒவ்வொரு சந்தோஷத்தையும் என் கார் ஓரமாக நின்று, மூச்சிழுத்து, உள்ளே சேர்த்து வைத்திருக்கிறது.

சில மாதத்தில் அதை விற்றேன். வாங்கியவர் ஆந்திராக்காரர். “ரொம்ப ஓட்டினீங்களா?” என்று கேட்டார். “சென்னையில ஒரே ஒரு தடவை, சர்ச்சுக்கு” என்றேன். நெகிழ்ந்துபோனார். நான் மேற்கொண்டு விளக்கவில்லை.

ஷெரின் இப்போது மெல்போர்னில். அவள் மகள் ஈவாவுக்கு நாலு வயது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள். சகலைக்கு மூட்டு வலி, அதனால் மீனம்பாக்கத்துக்கு நான்தான் கூப்பிடப் போனேன், இப்போதிருக்கிற பெரிய காரில். கல்யாண வீடியோவில் பார்த்த ஆள்தானா என்று ஈவா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பின் சீட்டில் சமர்த்தாக உட்கார்ந்தாள். தாம்பரம் தாண்டிச் சேலையூர் வரை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் தெருமுனையில் அதே வேகத்தடை வந்தது. மெதுவாக்கினேன்.

பின்னால் டக்கென்று ஒரு சத்தம். குழந்தை சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“என்னடா கண்ணு?”

“இங்கதானே தாத்தா எறங்கணும்?”