கையசைப்போர் நலச் சங்கம்

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அவற்றுக்கு அடுத்தபடியாக அது கண்ட மகத்தான விஷயம், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர் நடைபாதையில் நின்று கை அசைப்பதுதான். கொள்ளைநோய்க் காலத்தில் டாக்டர்களும் உள்ளே ஏதோ தங்களால் இயன்றதைச் செய்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் முக்கியமான பணி வெளியேதான் நடந்தது.

இந்தப் பணியைத் தொடங்கி வைத்தவர் ஒரு சைக்கிள் கடைக்காரர். அவருக்குப் பொதுநோக்கம் எதுவும் கிடையாது என்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கிறது. அவருடைய மனைவி மூன்றாம் மாடியில் மூச்சுத் திணறலோடு படுத்திருந்தார். பார்வையாளருக்கு அனுமதி இல்லை. போனில் பேசவும் அந்த அம்மாவுக்கு மூச்சு இல்லை. தினமும் மாலை நான்கு மணிக்கு ஒரு நர்ஸ் அவரைக் கைத்தாங்கலாக ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்துவார். கீழே இவர், கிரீஸ் படிந்த கையைத் தலைக்கு மேல் தூக்கி, காற்றடிக்கிற வேகத்தில் ஆட்டுவார். மேலே ஒரு கை லேசாக உயரும். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு மறுநாள் மாலை வரை ஓட்டிவிடுவார்.

இதை யாரோ செல்போனில் படம்பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். ஊர் 'நெகிழ்ந்தது'. நெகிழ்ந்த ஊர் வீட்டில் அடைந்து கிடக்குமா? மறுநாளே திரண்டு வந்து, எந்த ஜன்னல் என்றுகூடப் பாராமல் கை அசைத்தது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஒருவர் ஆம்புலன்ஸை மறித்து, "கொஞ்சம் ஓரமா போப்பா, போட்டோவுல விழுற" என்று பணிவுடன் கேட்டுக்கொண்டார்.

இப்படி முறையின்றி நடந்த சேவையை ஒழுங்குபடுத்த, மெத்தைக் கடை முதலாளி ஒருவரைத் தலைவராகக் கொண்டு 'கையசைப்போர் நலச் சங்கம்' உதயமாயிற்று. உறுப்பினர் அனைவருக்கும் மஞ்சள் சட்டை. தலைவரின் புன்னகை அச்சிட்ட முகக்கவசம். யார் போட்டாலும் மூக்குக்குக் கீழே தலைவர் சிரிப்பார். மேலும், நோயாளிகளின் உறவினர்கள் அடிக்கடி கண்கலங்கி நிகழ்ச்சியின் உற்சாகத்தைக் கெடுத்ததால், 'அவர்களுடைய வசதியை முன்னிட்டு' ஆஸ்பத்திரியின் பின் தெருவில் இடம் ஒதுக்கப்பட்டது. அங்கே ஜன்னல் கிடையாது. நல்ல சுவர் உண்டு.

சங்கம் களமிறங்கிய அன்றைக்கு நர்ஸ் சைக்கிள் கடைக்குப் போன் செய்தார்.

"அண்ணே, அக்காவ நாளைக்குக் காலையில உள் வார்டுக்கு மாத்துறாங்க. அங்க ஜன்னல் இல்ல. இன்னைக்கு எப்படியாவது வந்து நின்னுடுங்க. மணி என்ன, மணி என்னன்னு சைகையிலயே கேட்டுக்கிட்டு இருக்காங்க."

கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினார். கயிறு கட்டிய இடத்தில் சங்கச் செயலாளர் கை நீட்டி மறித்தார்.

"உறவுக்காரரா?"

உண்மையைச் சொன்னால் பின் தெரு. "இல்லீங்க. சும்மாதான் வந்தேன்."

"அப்படிச் சொல்லுங்க! நமக்கு வேண்டியது உங்கள மாதிரி ஆளுங்கதான்!" செயலாளர் பூரித்துப்போய், ஒரு மஞ்சள் சட்டையும் தலைவரின் வாயும் கொடுத்து உள்ளே விட்டார். "இடைவெளி விட்டு நிக்கணும், தெரியுதா? ஆனா போட்டோவுல இடைவெளி தெரியக் கூடாது."

நான்கு மணி. விசில் ஒலித்தது. மஞ்சள் அணி ஒரே சீராகக் கை அசைத்தது. இவருடைய போன் அடித்தது.

"அண்ணே, எங்க நிக்கிறீங்க? அக்கா தேடுறாங்க."

"கீழதாம்மா! மஞ்ச சட்ட!"

"எல்லாருமே மஞ்ச சட்டதாண்ணே."

"கைய ஆட்டுறேன் பாரு!"

"எல்லாரும்தான் ஆட்டுறாங்க."

"மூஞ்சியப் பாக்கச் சொல்லும்மா!"

"எல்லா மூஞ்சியும் ஒரே ஆளு மாதிரி இருக்கு. யாருண்ணே அது, பல்லக் காட்டிக்கிட்டு? சீக்கிரம்ணே, அக்காவால நிக்க முடியல. படுக்க வாங்கன்னா வரமாட்டேங்கிறாங்க."

நிமிர்ந்து பார்த்தார். மூன்றாம் மாடி ஜன்னலில் கம்பியைப் பிடித்தபடி ஒரு தலை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அலைந்துகொண்டிருந்தது.

அதற்கு மேல் அவர் செய்ததை எழுதவே கை கூசுகிறது. சட்டையைக் கழற்றி எறிந்தார். தலைவரின் வாயைப் பிய்த்து எறிந்தார். வெறும் பனியனோடு சங்கத்தின் ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறி நின்று, "இங்க! இங்கடி!" என்று கத்திக் கத்திக் கையை ஆட்டினார்.

மேலே அலைந்த தலை நின்றது. கம்பிக்கு வெளியே ஒரு கை நீண்டு, பலம்கொண்ட மட்டும் ஆடியது.

அதற்குள் நாலு தொண்டர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள். தலைவர் ஓடிவந்து, அச்சிட்ட புன்னகையைத் தாடைக்கு இறக்கிவிட்டு, சொந்த வாயால் கேட்டார்: "யோவ், மாஸ்க்கக் கழட்டிட்டு ஆடுறியே, உள்ள நோயாளிங்க இருக்காங்களேன்னு கொஞ்சமாவது அக்கறை இருக்கா உனக்கு?"

"அதுல ஒருத்தி என் பொண்டாட்டி சார்."

"அடப்பாவி!" செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சும்மா வந்தேன்னு சொன்னியேய்யா! உன்ன நல்லவன்னு நம்பிட்டேனே!"

சங்கத்தின் அவசரக் கூட்டம் உடனே கூடியது. உள்ளே ஆள் இருக்கிற எவரையும் எக்காரணம் கொண்டும் கை அசைக்க விடுவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. அதன் பிறகு அந்த நடைபாதையில் சின்னக் குழப்பம்கூட இல்லை. எல்லாக் கைகளும் ஒன்றாக ஏறுகின்றன, ஒன்றாக இறங்குகின்றன. பார்க்கக் கண் கோடி வேண்டும். மாடியில் இருப்பவர்களுக்குத்தான் நன்றி போதவில்லை. இத்தனை பேர் இவ்வளவு சிரத்தையாகக் கை அசைத்தும், ஜன்னலுக்கு வருகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், கீழே யாருமே வரவில்லை என்பது போலப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார்கள்.