உருவியார் உருவிய மரபணு

ஊரில் நோய் ஒரு பக்கம் ஆட்களை எடுத்துக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் உருவியார் ஆட்களின் தோளிலிருந்து மரபணுவை எடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் நின்ற கூட்டத்தைவிட மூடிப்போன சினிமாக் கொட்டகையில் உருவியாருக்கு நின்ற கூட்டம் பெரிது. அந்தக் கொட்டகை ஓடிய காலத்தில்கூட அப்படி ஒரு வரிசையைக் கண்டதில்லை.

விஷயம் இதுதான். புதிதாக ஒரு தடுப்பூசி வந்திருந்தது. கிருமியின் அடையாளத்தை உடம்புக்குச் சொல்லித்தரும் ஒரு சின்ன மரபணுக் குறிப்பு அது. வெறுமனே அனுப்பினால் உடம்பு வழியிலேயே கிழித்துப் போட்டுவிடும் என்று, கடற்பாசியிலிருந்து செய்த கூழில் பொதிந்து அனுப்பினார்கள். கூழ் மெல்லக் கரையும், குறிப்பும் வேலை முடிந்ததும் அழிந்துவிடும், உடம்புக்குப் பாடம் மட்டும் மிஞ்சும்.

மரபணு என்ற பேச்சு ஊருக்குள் பரவியது. அதுவரை தனக்கு அப்படி ஒன்று இருப்பதையே நினைத்துப் பார்க்காதவர்களெல்லாம், வீட்டில் திருடன் புகுந்ததுபோல் பதறினார்கள். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தவர்தான் உருவியார்.

அவர் முறை எளிமையானது. ஊசி போட்ட கையில் வெள்ளைப் பசை ஒன்றைத் தடவுவார். கண்ணாடித் தொட்டியில் இருக்கும் ‘தூய நீரில்’ கையை முக்கச் சொல்வார். கண்ணை மூடி முனகிக்கொண்டே தோளிலிருந்து விரல்வரை உருவுவார். தண்ணீரில் புழுப்புழுவாகக் கூழ் மிதக்கும். “பாருங்க, உங்க பரம்பரையையே மாத்த வந்தது!” என்பார். கட்டணம் கிடையாது, காணிக்கைதான். எவ்வளவு காணிக்கை என்பதை மட்டும் அவரே சொல்லிவிடுவார்.

ஒருவருக்குக் கொஞ்சம் அழுத்தி உருவியதில் அவருடைய தாத்தாவின் மரபணுவும் சேர்ந்து வந்துவிட்டதாம். அன்றிலிருந்து அவர் மூக்கு சிறுத்துப்போய்க் கண்ணாடி நிற்கவே மாட்டேன் என்கிறதாம். இதை என்னிடம் சொன்னவர் சத்தியம் செய்து சொன்னார். நம்பாமல் இருக்க முடியுமா?

ஒரு மழைநாளில் அந்த வரிசைக்கு ஒரு குடும்பம் வந்தது. மாமியார் கையில் குடை. மருமகள் பார்சல் ஆபீஸில் வேலை பார்ப்பவள், வயிற்றில் ஆறு மாதம். நடுவில் மகன். மேஜை மின்விசிறிபோல இரண்டு பக்கமும் தலையை ஆட்டத் தெரிந்த நல்ல பிள்ளை.

மருமகள் முதல் ஊசி போட்டுச் சில வாரம் ஆகியிருந்தது. மறுநாள் இரண்டாவது ஊசி. பக்கத்துத் தெருவில் நிறைமாதக்காரி ஒருத்தியை நோய் கொண்டுபோயிருந்ததால், மருமகள் அதைத் தவறவிடுவதாக இல்லை.

“அதெல்லாம் முடியாது,” என்றார் மாமியார். “போட்டதையே இன்னைக்கு எடுத்தாகணும். எடுக்கலேன்னா, பொறக்கப்போறது எங்க வம்சம்னு நான் சொல்ல மாட்டேன். புள்ளையத் தூக்கிட்டு என் வாசப்படி ஏறக் கூடாது.”

“பார்சல் வந்தா ஒறையைக் கிழிச்சுப் போட்டுடுவோம் அத்தை. ஊசியோட ஒறையும் எப்பவோ கரைஞ்சிருக்கும், அதைப் போய் யாராவது தோள்ல தேடுவாங்களா?”

“வாய் மட்டும் நீளுது. என்னைப் பாரு. இந்த உடம்புல இதுவரைக்கும் ஒரு ஊசி பட்டதில்ல, தெரியுமா?”

“அம்மா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும்…” என்று மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது.

முறை வந்தது. மருமகள் தொட்டியைப் பார்த்தாள், உருவியாரைப் பார்த்தாள், மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை, எனக்குப் பயமா இருக்கு. முதல்ல நீங்க காட்டுங்க. வலிக்காதுன்னு தெரிஞ்சா நானும் காட்டுறேன்.”

பயந்த மருமகளைப் பார்த்ததில் மாமியாருக்கு ஒரே பெருமை. குடையை அவளிடம் கொடுத்துவிட்டு, சட்டென்று கையை நீட்டினார். உருவியார் எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு உருவுவது அவர் வழக்கமும் இல்லை. பசை தடவினார், முக்கினார், முனகினார், உருவினார். தொட்டி நிறையக் கூழ்!

“அம்மாடி! இவ்வளவா! உங்க பரம்பரையில பாதி போயிடுச்சே தாயே!”

மாமியார் முகம் கறுத்தது. “யாரைப் பார்த்து என்னய்யா சொல்றே? நான் ஊசியே போட்டுக்கலையே!”

வரிசை முன்னால் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. உருவியார் ஒரு கணம் விழித்தார். ஆனால் தொழில் தெரிந்தவர். மருமகளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“போட்டவங்க ஒரே வீட்டுல இருக்காங்கல்ல? அவங்க மூச்சுக்காத்து உங்க மேல ஒட்டியிருக்கு. ஒட்டு மரபணும்மா அது. ரொம்ப ஆபத்து.”

கூட்டம் “அடடா” என்றது. பக்கத்தில் நின்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு விலகினார்கள். மாமியார் மெல்லத் திரும்பி மருமகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வாசற்கதவு அப்போதே மூடிவிட்டது.

மருமகள் தொட்டியருகே போனாள். பசைக் கிண்ணத்தை எடுத்தாள். குடைக்காம்பில் தாராளமாகத் தடவித் தொட்டியில் முக்கி, உருவியாரைப் போலவே முனகிக்கொண்டு ஓர் உருவு உருவினாள். கொத்துக் கொத்தாகக் கூழ்.

“அத்தை, கொடைக்கு யாரு ஊசி போட்டாங்க?”

“அதுவும் அதே வீட்டுக் குடைதானே! அதுக்கும் ஒட்டியிருக்கும்!” என்று உருவியார் கத்தினார்.

“எந்த வீட்டுக் கொடைடா?” மாமியார் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். “மழைன்னு வர்ற வழியில எதிர்க் கடையில இப்பத்தான் வாங்கினேன். ஒட்டுன விலைச் சீட்டைக்கூட இன்னும் கிழிக்கல. டேய், அவனைப் புடி!”

வாழ்க்கையில் முதல்முறையாக மின்விசிறி ஒரே பக்கமாக ஓடியது. உருவியார் திரைக்குப் பின்னால் பாய்ந்தார். துரத்திப் போனவர்கள் அங்கே அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளில் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். எல்லாம் பொம்மைக் கடைச் சரக்கு. ஒரு பொட்டலத்தில் கடற்பாசிப் பொடி, இன்னொன்றில் தண்ணீரில் கலக்கும் சுண்ணச்சத்து உப்பு. பசையில் முதலாவது, தொட்டியில் இரண்டாவது; இரண்டும் சேர்ந்தால் கூழாகத் திரளும். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: ‘கூழ்ப்புழு செய்து விளையாடுங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.’

வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அந்தத் தகுதி இருந்தது.

மறுநாள் மருமகள் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டாள். கூடவே போன மாமியார், “இதுல என்னம்மா இருக்கு? ஒறை எதுல செஞ்சது? எப்போ கரையும்? புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று நர்ஸைத் துளைத்தெடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிய பிறகு தன் கையையும் நீட்டினார்.

ஊராரே, பாருங்கள். தோளுக்குள் என்ன போகிறது என்று ஆயிரம் கேள்வி கேட்கிறீர்கள். நல்ல பழக்கம், கேளுங்கள். அதை உருவி எடுக்கிறேன் என்று ஒருவன் வரும்போது மட்டும் அந்த வாயை எங்கே வைத்துவிட்டு வருகிறீர்கள்?