தர்மத்துறை அமைச்சரின் திருமுகம்

ரிம்லான் என்றொரு பாலைவன நாடு. அங்கே மழை அபூர்வம். அரசு அறிவிப்புகளுக்குப் பஞ்சமே கிடையாது. அந்நாட்டின் தர்மத்துறை அமைச்சர் ஃபவ்வாஸ் ஒருமுறை வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நாட்டிலுள்ள தொண்டு நிறுவனங்கள் அத்தனையும் உடனடியாகச் சமூக ஊடகத்துக்கு வந்தாக வேண்டும் என்று ஆணையிட்டார்.

பீர் ஸல்மா என்ற ஊரில் பெண்கள் நடத்திவந்த ஈரக்கை சங்கமும் இதில் மாட்டிக்கொண்டது. அமைச்சர் மாளிகைத் தோட்டத்தில் நீரூற்று அமைத்த நாளிலிருந்து அந்த ஊருக்கு வரும் குழாயை அடைத்துவிட்டார்கள். கிணற்றுத் தண்ணீரோ வாயில் வைக்க முடியாத உப்பு. ஒரு பழைய லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வீடு வீடாக ஊற்றுவதுதான் சங்கத்தின் வேலை. அதிகாரிகள் வந்தார்கள், லாரியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு டேப்லெட் கணினி கொடுத்தார்கள்.

“லாரி இல்லாம தண்ணி எப்படிங்க வரும்?” என்று கேட்டாள் சங்கத் தலைவி உம்மு ஸுஹைல்.

“இனிமேல் தொண்டு முழுக்க டிஜிட்டல் அம்மா,” என்றார் துறைச் செயலாளர். “தண்ணீரைப் பற்றிப் பதிவு போடுங்கள். லாரியைவிடப் பதிவு வேகமாகப் போகும்.”

அவர் பொய் சொல்லவில்லை. வேகமாகத்தான் போகும். குடிக்கத்தான் முடியாது.

பயிற்சி கொடுக்கத் தலைநகரிலிருந்து தஹானி என்ற பெண்ணை அனுப்பினார்கள். சரியான வாயாடி, வேலையில் கெட்டிக்காரி. வெளிச்சம் பார்த்துப் படம் எடுப்பது, ஒரே வரியில் விஷயத்தைச் சொல்வது, பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் பதிவிடுவது என எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். பெண்கள் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டார்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, ‘இதைத்தான் எங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள்’ என்று முதல் பதிவைப் போட்டார்கள். நாடே பார்த்தது.

அமைச்சருக்குச் சுருக்கென்றது. அடுத்த ஆணை பிறந்தது. இனி எந்தச் சங்கம் படம் போட்டாலும் அதில் பாதி இடத்தில் அமைச்சரின் சிரித்த முகம் இருக்க வேண்டும். குறை சொல்லக்கூடாது, நன்றி மட்டுமே சொல்லலாம்.

அப்போது உம்மு ஸுஹைலின் மூன்று வயது மகன் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தான். அவள் டேப்லெட்டைத் தள்ளி வைத்தாள்.

“புள்ள சாகக் கிடக்கு. இந்த மூஞ்சியப் போட்டு நன்றி வேற சொல்லணுமா? என்னால ஆகாது!”

“போடுங்கக்கா,” என்றாள் தஹானி. “அவரு கேட்டதத்தானே செய்யறோம். கொஞ்சமும் குறை வைக்காம செய்வோம்.”

போட்டார்கள். ஒரு பாதியில் கலங்கல் தண்ணீர், மறு பாதியில் அமைச்சரின் சிரிப்பு, கீழே ‘நன்றி’. மறுநாள் ஒரு பாதியில் கையில் ஊசி ஏற்றிய குழந்தை, மறு பாதியில் அதே சிரிப்பு. மற்ற ஊர்ச் சங்கத்தாரும் விடுவார்களா? கூரையில்லாத பள்ளிக்கூடத்துக்கு ஒரு நன்றி. வீட்டுக்குள் வந்த சாக்கடைக்கு ஒரு நன்றி.

“என் முகத்துக்குப் பக்கத்தில் சாக்கடை எதற்கய்யா?” என்று அமைச்சர் கர்ஜித்தார்.

“பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்று தாங்கள் ஆணையில் குறிப்பிடவில்லை, கனம் அமைச்சர் அவர்களே,” என்றார் செயலாளர் பணிவாக.

எனவே மூன்றாவது ஆணை. இனிப் படத்தில் அமைச்சரின் முகம் மட்டுமே இருக்கலாம், வேறொன்றும் கூடாது. சங்கங்கள் மறுபேச்சில்லாமல் முகத்தை மட்டும் போட்டு, கீழே ஊர்ப்பெயரை எழுதின. அதற்குள் அந்த முகத்துக்கு என்ன அர்த்தம் என்று நாட்டில் பச்சைக்குழந்தைக்கும் தெரிந்துவிட்டிருந்தது. தலைநகர் ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய கட்அவுட்டைப் பார்த்த நோயாளிகள், “இங்கயும் மருந்து இல்ல போல” என்று வந்த வழியே திரும்பினார்கள்.

வேறு வழியின்றி நான்காவது ஆணை வந்தது. அமைச்சரின் முகத்தைப் பொது இடத்தில் எவரும் காட்டக்கூடாது, மீறினால் சிறை. கட்அவுட்டுகளை இரவோடிரவாகச் சரித்தார்கள். செயலாளர் சட்டம் எழுதுவதில் கறாரானவர். அமைச்சருக்கென்று தனி விலக்கு எதையும் அவர் எழுதி வைக்கவில்லை.

கூச்சல் மன்னர் காதுவரை போயிற்று. பீர் ஸல்மா விவகாரத்தை நேரில் போய் முடித்துவிட்டு வா என்றார் அவர். தன் சட்டப்படியே முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு அமைச்சர் போய் இறங்கினார். ஊர்க் குழாயை அடைத்திருந்த வால்வுக்கருகே ஊரே கூடியிருந்தது.

“வால்வைத் திற,” என்றார் அமைச்சர்.

“நீங்க யாருங்க?” என்றார் குழாய் மேற்பார்வையாளர்.

“தர்மத்துறை அமைச்சர்!”

“யார் வேணும்னாலும் அப்படிச் சொல்லலாமே. அமைச்சரு அடைக்கச் சொன்ன குழாய், அவரு மூஞ்சியப் பாக்காம திறந்தா என் வேலை போயிடுமுங்க.”

அமைச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். உம்மு ஸுஹைல் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றாள், நகரவில்லை. வேர்த்து விறுவிறுத்து அவர் துணியை விலக்கினார். சொல்லிவைத்ததுபோல் அத்தனை பெண்களும் போனைத் தூக்கினார்கள்.

வால்வு திறந்தது. குழாய் செருமியது, சேறாகத் துப்பியது, பிறகு தண்ணீர் தெளிந்து வந்தது. உம்மு ஸுஹைல் ஒரு டம்ளர் பிடித்து மகனுக்குப் புகட்டினாள். அவன் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

“அந்தப் படங்களை அழித்துவிடுங்கள்,” என்றார் அமைச்சர். “சட்டவிரோதம்.”

“நாங்க எங்கயும் போடலையே ஐயா,” என்றாள் அவள். “போன்ல சும்மாத்தான் இருக்கு. தண்ணி வந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் அப்படியே இருக்கும். நின்னுச்சுன்னா அன்னைக்கே போட்டுடுவோம். முகத்தக் காட்டின உங்களோட ஜெயிலுக்கு ஊரே சேந்து வர்றோம், இடம் இருக்கான்னு பாத்துக்குங்க.”

அன்றுமுதல் பீர் ஸல்மாவில் தண்ணீர் நிற்கவில்லை. தஹானி இப்போது அடுத்த ஊரில் பயிற்சி நடத்துகிறாள். மன்னர் இருந்தாலும் அமைச்சர்களை ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கும் நாடு அது; தேர்தல் வேறு நெருங்குகிறது. ஓட்டுக் கேட்க வருகிறவர் எந்தச் சட்டம் இருந்தாலும் முகத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும். ஊர் ஊராக, அடைத்துக் கிடக்கும் குழாய்களின் பக்கத்தில், ஜனங்கள் போனைச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.